ஓசையறிந்து எய்த அம்பு

சில மாதங்களுக்கு முன் எமது உயர்தர வகுப்பிலே கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். தயரதன் தன் பழைய பழியை நினைந்து கூறும் பகுதி அது. நீர்நிலையோரத்தில் எழுந்த ஓசையை யானை நீர் பருகும் ஓசையெனக் கொண்டு அவன் அம்பெய்தான். அம்பு குறி தவறவில்லை. ஆனால் அங்கே நின்றது யானையன்று. கண்ணிழந்த தாய்தந்தையருக்கு நீர் மொள்ள வந்த மகன். பாடம் முடிந்ததும் மாணவனொருவன் எழுந்தான். "சேர், இந்தக் காலத்திலும் இப்படி ஓர் அம்பு இருக்கிறதாம். ராடார் போட்டால் அந்த அலையைப் பிடித்துக்கொண்டே வந்து அடிக்குமாம். ராடாரை மட்டுந்தான் அடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ராடாருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கமாட்டாரா?" என்று கேட்டான்.

மணி அடித்துவிட்டமையால் அன்று விடை கூற முடியவில்லை. ஆயினும் வினா எம்மை விடவில்லை. இவ்வகை ஏவுகணைகளைப் பற்றி எழுதப்படுவனவற்றில் அவற்றின் எடை, வேகம், செல்லுந் தூரம் ஆகியன தவறாது இடம்பெறுகின்றன. அவை எய்யப்பட்ட பக்கத்தில் நின்ற மனிதர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டு வயதடைந்துவிட்ட இவ்வாயுதக் குடும்பத்தின் வரலாற்றை அம்மாணவனுடைய வினாவை முன்னிறுத்தி நோக்க விரும்புகின்றோம்.

இருளிலே விளக்கேற்றுபவன் பிறரைக் காண்கிறான். அதே கணத்தில் தன்னையும் பிறருக்குக் காட்டிக்கொள்கிறான். ராடாரின் பெருமையும் பலவீனமும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும். 1935ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானியாவின் டவென்றிக்கு அருகே ரொபேட் வாட்சன் வாட் என்னும் விஞ்ஞானி செய்து காட்டிய பரிசோதனை, பறக்கும் விமானத்திற் பட்டுத் திரும்பும் வானொலி அலையைக் கொண்டு அவ்விமானத்தைக் கண்டுகொள்ளலாம் என்பதை நிறுவிற்று. ஐந்தாண்டுகளின் பின் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து அந்நாட்டைக் காப்பதற்கு இக்கண்டுபிடிப்புப் பெருந்துணை புரிந்தது. ஆனால் அலையை வெளியிடும் நிலையம், தான் நிற்குமிடத்தையும் ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. அவ்வறிவிப்பைக் கேட்கும் செவியொன்றை ஏவுகணையின் முனையிற் பொருத்திவிட்டால், ராடார் தன் பகைவனுக்குத் தானே வழிகாட்டியாகிவிடும்.

இந்த எண்ணத்தை அவசரத் தேவையாக்கியது வியட்நாம் யுத்தமேயாகும். சோவியத் ஒன்றியம் உருவாக்கிய எஸ்-75 என்னும் விமான எதிர்ப்பு ஏவுகணை, 1960ஆம் ஆண்டு மே 1ஆம் திகதி அமெரிக்க வேவு விமானமாகிய யூ-2ஐ வீழ்த்தி உலகப் புகழ் பெற்றிருந்தது. 1965 யூலை 24ஆம் திகதி வட வியட்நாமில் அதே வகை ஏவுகணை அமெரிக்காவின் எப்-4 விமானமொன்றை வீழ்த்தியது. தொழில்வளம் மிகுந்த வல்லரசொன்றின் விமானங்களை எதிர்த்து, நெல் வயல்களின் நடுவே நிற்கும் ராடார் வண்டிகள் போராடத் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானப்படை, ராடார் நிலையங்களைத் தேடி அழிப்பதற்கெனத் தனிப் பிரிவொன்றைத் தாய்லாந்துக்கு அனுப்பியது. அதன் விமானிகள் ஆபத்தான ஒரு முறையைக் கையாண்டனர். தம்மைத் தாமே இரையாகக் காட்டி, ராடாரைத் தம்மீது திருப்பச் செய்து, அது திரும்பியதும் அதனைத் தாக்குவதே அம்முறை. பிரிவின் முதல் விமானம் டிசெம்பர் 20ஆம் திகதி இழக்கப்பட்டது. இரண்டு நாட்களின் பின் அவர்கள் முதலாவது ராடார் நிலையத்தை அழித்தனர்.

அவர்களுக்கு 1966ஆம் ஆண்டிற் கிடைத்த புதிய கருவியே ஷ்ரைக் ஏவுகணை. கலிபோர்னியப் பாலைவனத்தில், சைனா லேக் எனுமிடத்திலுள்ள அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிலையத்திலே 1958ஆம் ஆண்டு அதன் வேலை ஆரம்பமாயிற்று. ஷ்ரைக் என்பது ஒரு பறவையின் பெயர். தமிழில் அதனைக் கீச்சான் என்பர். குருவியின் அளவேயுள்ள அப்பறவை, தான் பிடித்த பூச்சியையும் ஓணானையும் முள்ளிலே குத்தி வைத்துக் கிழித்துத் தின்னும் வழக்கமுடையது. ஆயுதத்துக்குப் பெயரிட்டவர்கள் தம் நோக்கத்தை மறைத்தார்களென எவரும் குறை கூறமுடியாது.

கீச்சானின் நீளம் மூன்று மீற்றர். எடை 177 கிலோகிராம். அதன் நடுப்பகுதியில் ஏறக்குறைய 67 கிலோகிராம் எடையுள்ள வெடிதலை இருந்தது. வெடித்ததும் அது உலோகத் துண்டுகளாய்ச் சிதறும். கொங்கிறீற் சுவரையோ தடித்த கவசத்தையோ துளைப்பதற்கென அஃது அமைக்கப்படவில்லை. மெல்லிய தகட்டாலான அலைவாங்கியையும், கம்பிகளையும், அவற்றை அடுத்து நிற்கும் வண்டிகளையும் கிழிப்பதற்கே அமைக்கப்பட்டது. அவ்வண்டிகளுக்குள்ளேதான் ராடாரை இயக்கும் இளைஞர் அமர்ந்திருந்தனர். மாணவனின் வினாவுக்கு முதல் விடை ஆயுதத்தின் அமைப்பிலேயே கிடைத்துவிடுகின்றது.

ஆனால் கீச்சானுக்குக் குறைகள் பல இருந்தன. அதன் செவி குறித்த சில மீடிறன்களை மட்டுமே கேட்கும். எந்த ராடாரைத் தாக்கப்போகிறோம் என்பதை நிலத்தில் நிற்கும்போதே தீர்மானித்து, அதற்குரிய செவியைப் பொருத்திக்கொண்டு புறப்படவேண்டும். அது செல்லுந் தூரமும், எஸ்-75 செல்லுந் தூரத்திலும் குறைவு. எனவே எய்பவன் எதிரியின் எல்லைக்குள் நுழைந்தேயாகவேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குறை, அதற்கு நினைவு இல்லாமை. அலை வந்துகொண்டிருக்கும் வரை அது வழியறியும். அலை நின்றுவிட்டாற் குருடாகித் தன் போக்கிற் சென்று எங்கேயோ விழும்.

இந்த உண்மையை வட வியட்நாமின் ராடார் இயக்குநர் விரைவிற் கண்டுகொண்டனர். விமானமொன்று மூக்கை உயர்த்திக் கணையை எய்யும் அசைவைத் திரையிற் கண்டதும் அவர்கள் அலையை நிறுத்தினர். அல்லது அலைவாங்கியைப் பக்கமாகத் திருப்பிக் கணையைத் திசை மாற்றினர். கோடிக்கணக்கான டொலர் செலவில் உருவான கருவியை ஓர் ஆளியின் மீதிருந்த விரல் தோற்கடித்தது. முன்னேறாத நாடொன்றின் மக்கள் நவீன இயந்திரத்தின் முன் செயலற்றுப் போவர் என எண்ணியவர்களுக்கு இதனிலும் தக்க பாடம் கிடைத்திருக்க முடியாது.

எனினும் இப்பாடத்தை மட்டும் கூறி மகிழ்ந்து நின்றுவிடுதல் வரலாற்றுக்கு நியாயமாகாது. அந்த விரல் எதிர்கொண்ட தெரிவு யாது என்பதையும் நோக்கவேண்டும். எஸ்-75 தானே வழி தேடும் கணையன்று. நிலத்திலுள்ள ராடார் இலக்கைத் தொடர்ந்து பார்த்துக் கட்டளை அனுப்பிக்கொண்டேயிருந்தாற்றான் அது விமானத்தைச் சென்றடையும். இடையில் ராடாரை நிறுத்தினால் மேலே சென்றுகொண்டிருக்கும் கணை வீணாகும். குண்டு சுமந்து வரும் விமானம் தப்பும். நிறுத்தாது விட்டால் வண்டியிலுள்ளோர் மாளக்கூடும். தன் உயிரா, தன் நகரமா என்னும் வினாவுக்குச் சில விநாடிகளுள் விடை காணவேண்டிய நிலையிலே அவ்விளைஞர் இருத்தப்பட்டனர்.

அமெரிக்கப் படைத்துறையினரும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ராடார் அழியவேண்டுமென்பதில்லை, குண்டுவீச்சு விமானங்கள் வந்து செல்லும் சில நிமிடங்களுக்கு அது மௌனமாய் இருந்தாற் போதும் என்றனர். 'அழித்தல்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலே 'அடக்குதல்' என்ற சொல்லும் அவர்களது ஏடுகளில் இடம்பிடித்தது. ராடார் அணைந்தால் இயக்குநன் உயிர் பிழைக்கிறான். எய்த விமானியும் உயிருடன் திரும்புகிறான். இருவரும் தத்தம் அளவில் வெற்றி பெற்றவர்களே. ஆனால் அந்த மௌனத்தின் வழியாக உள்ளே நுழைந்த குண்டுகள் எங்கே விழுந்தன?

1972ஆம் ஆண்டு டிசெம்பரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 18ஆம் திகதி தொடங்கிப் பதினொரு நாட்கள், நத்தார் தினம் ஒன்று நீங்கலாக, ஹனோய் மீதும் ஹைபோங் மீதும் பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. அவற்றுக்கு முன்னே ஷ்ரைக் ஏவுகணைகளைச் சுமந்த விமானங்கள் சென்றன. ராடார் இயக்குநர் அலையைச் சில விநாடிகளுக்கு மட்டும் எழுப்பியும், பகைவரின் இடையூற்று அலைகள் வரும் திசையையே வழிகாட்டியாகக் கொண்டும் போராடினர். 15 பி-52 விமானங்கள் வீழ்ந்தன. ஆயினும் பக் மாய் மருத்துவமனை சிதைந்தது. காம் தியென் வீதியில் வீடுகள் மண்மேடாயின. 1,600க்கு மேற்பட்ட குடிமக்கள் இறந்தனர் என வட வியட்நாம் அரசு அறிவித்தது. காம் தியென் வீதியில் இறந்தவர்கள் ராடாரை ஏற்றவுமில்லை, அணைக்கவுமில்லை.

வியட்நாம் யுத்தம் கற்பித்த பாடத்தை ஆயுதக் கம்பனிகள் தமக்கேற்ற வகையிற் படித்துக்கொண்டன. கருவியின் குறை புதிய கருவிக்கு வழிகோலியது. 1968ஆம் ஆண்டிலே 'ஸ்டான்டார்ட்' என்னும் பெரிய ஏவுகணை களத்துக்கு வந்தது. கப்பல்களிலிருந்து விமானங்களை வீழ்த்தும் கணையொன்றை மாற்றி அஃது ஆக்கப்பட்டது. அதன் எடை கீச்சானைப்போல் மூன்றரை மடங்கு. விலையும் மிக அதிகம். அலை நின்ற பின்னரும் அது நின்ற இடத்தை ஓரளவு நினைவில் வைத்திருக்க வல்லதாக அது திருத்தப்பட்டது. அடுத்து வந்தது ஹார்ம். ஆங்கிலத்தில் அதன் முழுப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'தீங்கு' எனப் பொருள்படும் சொல்லாகும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனி உற்பத்தி செய்த அது, 1980களின் நடுப்பகுதியிற் படைகளின் கைக்கு வந்தது. இயக்குநனின் விரல் ஆளியைத் தொடுமுன் வந்து சேர்ந்துவிடவேண்டும் என்பதே அதன் வேகத்தின் நோக்கம். பல வகை மீடிறன்களை ஒரே செவியாற் கேட்கும் ஆற்றலும் அதற்கிருந்தது. 1986 மார்ச்சில் லிபியாவின் சேர்த் குடாவில் அது முதன்முதலாக யுத்தத்தில் எய்யப்பட்டது.

1991ஆம் ஆண்டு ஈராக்கின்மீது நடந்த யுத்தத்தில் ஏறக்குறைய 2,000 ஹார்ம் ஏவுகணைகள் எய்யப்பட்டன. எய்யும்போது விமானி வானொலியில் 'மக்னம்' என்று கூறுவது வழக்கம். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே ஈராக்கிய இயக்குநர் ராடாரை அணைக்கத் தொடங்கினர். பின்னர், கணை கைவசமில்லாத விமானிகளும் அச்சொல்லை மட்டும் கூறித் தப்பினரெனச் சொல்லப்படுகின்றது. அச்சம் இந்த அளவுக்கு வேரூன்றிய இடத்தில் ஆயுதத்தின் பெயரே ஆயுதமாகிவிடுகின்றது.

ஆனால் மௌனம் அச்சத்தினால் மட்டும் பிறப்பதன்று. அது சிந்தித்துத் தெரிந்த போர்முறையாகவும் அமையலாம். 1999ஆம் ஆண்டு நேட்டோ அணி யூகோஸ்லாவியா மீது 78 நாட்கள் குண்டு வீசியபொழுது 700க்கு மேற்பட்ட ஹார்ம் ஏவுகணைகளை எய்தது. சேர்பியப் படையினர் ராடாரைச் சில விநாடிகளுக்கு மட்டும் இயக்கி, உடனே அணைத்து, வண்டிகளை இடம் மாற்றினர். அவர்களிடமிருந்த ஏறக்குறைய 25 நடமாடும் எஸ்.ஏ.6 அணிகளில் மூன்று மட்டுமே அழிந்தமை உறுதிசெய்யப்பட்டது. ராடாருக்குப் புலப்படாதெனப் புகழப்பட்ட எப்-117 விமானத்தை அந்த யுத்தத்தின் நான்காம் நாள் வீழ்த்தியது, சோல்டான் டானி என்பவரின் கீழிருந்த பழைய எஸ்-125 அணியே. தம் அணி சில விநாடிகளுக்கு மேல் அலையை வெளியிடலாகாது என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. அதே வேளையில் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. மறைந்திருந்த அணிகள் பிழைத்தன. ஆனால் பாலங்களும் தொழிற்சாலைகளும் பிழைக்கவில்லை. ஹனோயில் எழுந்த வினாவே பெல்கிரேட்டிலும் எழுந்தது.

இனி அம்மாணவனுடைய வினாவின் உட்பொருளுக்கு வருவோம். இவ்வகை ஏவுகணை காண்பதில்லை, கேட்கின்றது. கேட்பதும் குரலையன்று, அலையை. அலைக்குக் கொடியில்லை, தேசமில்லை, அதன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும் இல்லை. 1972 ஏப்ரிலில் டொங்கிங் குடாவில் நின்ற அமெரிக்கக் கப்பலாகிய 'வோர்டன்' மீது அமெரிக்க விமானம் எய்த ஷ்ரைக் ஏவுகணைகளே பாய்ந்தன. தன் நாட்டுக் கணைக்கு மாலுமி ஒருவர் பலியானார். 1999 ஏப்ரில் 28ஆம் திகதி, யூகோஸ்லாவியாவின் ராடாரைத் தேடிச் சென்ற ஹார்ம் ஒன்று வழிதவறி, யுத்தத்தில் ஈடுபடாத பல்கேரியாவின் தலைநகர் சோபியாவின் புறத்தேயுள்ள கோர்னா பான்யாவில் ஒரு வீட்டின் கூரையைப் பெயர்த்தது. நல்லூழாக எவரும் இறக்கவில்லை. 2003 மார்ச்சில் ஈராக்கின் நஜாப் நகருக்கருகே அமெரிக்க எப்-16 விமானமொன்று, தன்மீது திரும்பிய ராடாரைப் பகைவருடையதெனக் கொண்டு ஹார்மை எய்தது. தாக்கப்பட்டது அமெரிக்காவின் பேட்ரியட் அணியின் ராடார். சில நாட்களுக்கு முன்பின்னாக அதே வகை பேட்ரியட் அணிகள் நட்பு நாட்டு விமானத்தையும் தம் நாட்டு விமானத்தையும் வீழ்த்தியிருந்தன. இயந்திரம் இயந்திரத்தைப் பகையெனக் கருத, மனிதர் இடையில் மாண்டனர்.

இவை தவறிய எய்தல்கள் எனக் கூறி ஒதுக்கிவிடலாம். ஆகவே தவறாத எய்தலொன்றைக் காண்போம். 1982ஆம் ஆண்டு போக்லாந்துத் தீவுகளுக்காகப் பிரித்தானியாவும் ஆர்ஜன்டீனாவும் போரிட்டன. யூன் 3ஆம் திகதி அதிகாலை, 6,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அசென்சன் தீவிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய வல்கன் விமானமொன்று, அமெரிக்கா வழங்கிய ஷ்ரைக் ஏவுகணைகளுடன் ஸ்டான்லி நகருக்கு மேலே வட்டமிட்டது. கீழே நின்றவர்கள் ராடாரை அணைத்து வைத்திருந்தனர். விமானம் ஏறக்குறைய நாற்பது நிமிடம் காத்திருந்து, பின்னர் தன்னை இரையாகக் காட்டித் தாழ்ந்து பறந்தது. ராடாரொன்று விழித்தது. இரண்டு கணைகள் பாய்ந்தன. 'ஸ்கைகார்ட்' எனப்படும் அந்த ராடார் அழிந்தது. அதனை இயக்கிய ஆர்ஜன்டீனப் படையினர் நால்வர் மாண்டனர். திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்பும் குழாய் முறிந்தமையால் வல்கன் விமானம் ரியோ டி ஜெனிரோவில் இறங்க நேர்ந்தது. பிரேசில் ஒரு வாரத்துக்கு மேல் அதனைத் தடுத்து வைத்து யூன் 11ஆம் திகதி விடுவித்தது. விமானத்தின் அச்சாகசப் பயணத்தை நூல்கள் விரிவாய்க் கூறுகின்றன. அந்த நால்வரோ பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றனர்.

மௌனத்தை வெல்லும் முயற்சி அதன் பின்னரும் ஓயவில்லை. பிரித்தானியா செய்த 'அலாம்' என்னும் ஏவுகணை, ராடார் அணைந்தால் வானத்தில் உயர்ந்து, குடையை விரித்து மெல்ல இறங்கியபடி, ராடார் மீண்டும் விழிக்கும் வரை காத்திருக்கும். 1991இற் பயன்பட்ட அது 2013இல் ஓய்வு பெற்றது. ஹார்மின் புதிய வடிவமோ 2012ஆம் ஆண்டிற் படைகளிற் சேர்ந்தது. செய்மதியின் துணையால் இடத்தை அறிந்தும், தன்னிடமுள்ள சிறு ராடாரினால் இலக்கைத் தேடியும், அலை நின்ற பின்னரும் அது பாயும். ஆளியின் மீதிருந்த விரலுக்கு இருந்த ஒரே புகலிடமும் படிப்படியாகப் பறிக்கப்படுகின்றது.

ஆயுதம் முதுமையடைந்தால் அதற்கு ஓய்வு கிடைக்கும் என எண்ணுவோமாயின் அதுவும் முழு உண்மையன்று. கீச்சானை அமெரிக்கா 1992இற் கைவிட்டது. ஆனால் ஹார்மின் பழைய இருப்புக்கள் புதிய களத்தைத் தேடிக்கொண்டன. 2022 ஓகஸ்டில் அவை உக்ரேனுக்கு வழங்கப்பட்டமையை அமெரிக்கா ஒப்புக்கொண்டது. சோவியத் ஒன்றியம் வியட்நாமுக்கு ராடார் கொடுத்த காலத்தில் அந்த ராடார்களைக் குறிவைத்துப் பிறந்த ஆயுதக் குடும்பத்தின் வாரிசு, சோவியத் காலத்து மிக்-29 விமானத்தின் சிறகில் தொங்கியபடி, சோவியத் மரபில் வந்த ரஷ்ய ராடார்களை நோக்கி எய்யப்பட்டது. ரஷ்யாவும் தன் பங்குக்கு அவ்வகைக் கணைகளை உக்ரேனிய ராடார்கள்மீது எய்தது. ஒருகாலத்தில் ஒரே படையில் ஒரே ராடாரை இயக்கக் கற்றவர்களின் பிள்ளைகள், இன்று எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து, அதே ஆளியின் மீது விரல் வைத்து அதே விநாடிகளை எண்ணும் நிலை தோன்றியது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. இவ்வாயுதத்தின் ஒவ்வொரு திருத்தமும் ஏதோவொரு நாட்டில் ஏதோவொரு மனிதன் ஆளியை அணைத்ததற்கு அளிக்கப்பட்ட விடையாகும். எனவே இயந்திரத்தின் வரலாறாய் எழுதப்பட்டது உண்மையில் மனித அறிவுக்கும் மனித அச்சத்துக்கும் எதிராக மனித அறிவையே கூலிக்கமர்த்திய வரலாறாகும். கம்பனிகள் இருபுறத்து விரல்களாலும் இலாபம் பெற்றன. அணைத்தால் புதிய கணை விற்பனையாகும். அணையாவிட்டால் புதிய ராடார் விற்பனையாகும். இரண்டிலும் பங்கில்லாதவர்கள் கூரைகளின் கீழிருந்தோர் மட்டுமே.

மறுநாள் வகுப்பிலே இவற்றைச் சுருக்கமாகக் கூறினோம். கேட்டிருந்த அம்மாணவன், "அப்படியானால் தயரதன் பரவாயில்லை சேர். ஓடிப்போய் யாரென்று பார்த்தானே" என்றான். நாம் பல ஆண்டுகளாகப் படிப்பித்தும் காணாத பொருளொன்றை அவன் கண்டுவிட்டான். தயரதன் தன் கையால் எய்த அம்பின் பின்னே நடந்து சென்றான். வீழ்ந்தவனின் முகத்தைப் பார்த்தான். அவன் பெற்றோரிடம் தானே சென்று நடந்ததைக் கூறிச் சாபத்தையும் ஏற்றுக்கொண்டான். இன்றைய அம்பை எய்பவன் பல கிலோமீற்றருக்கு அப்பாலேயே திரும்பிவிடுகிறான். செய்தவனும் விற்றவனும் அதனிலும் தொலைவில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பதிலாக வீழ்ந்தவர் அருகே நடந்து சென்று முகம் பார்க்கும் கடமை வரலாறு எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் உரியதாகின்றது. ஸ்டான்லியில் மாண்ட நால்வரையும் காம் தியென் வீதியையும் வகுப்பறையிற் பேசத் தொடங்கியதன் மூலம், அக்கடமையில் ஒரு சிறு பகுதியையேனும் நாம் நிறைவேற்ற முயன்றோம்.